96-வது நொடி: ஆரியான் ராக்கெட்டை வீழ்த்திய ஒரு நாசில்

2002 டிசம்பர் 11, இருட்டிய பிறகு, பிரெஞ்சு கயானாவின் கூரு ஏவுதளத்திலிருந்து ஐரோப்பாவின் ஆரியான் 5 ராக்கெட்டின் புதிய ரகம் முதன்முறையாகக் கிளம்பியது. ஈசிஏ என்று பெயர். பழைய ஆரியான் 5 ஆறு டன்னைச் சுற்றிய எடையைத் தூக்கிக்கொண்டிருந்தது. புதியதன் இலக்கு பத்து டன். உச்சியில் இரண்டு செயற்கைக்கோள்கள் இருந்தன: யூட்டெல்சாட் நிறுவனத்தின் ஹாட் பேர்ட் 7, பிரான்ஸ் சோதனைக்காகச் செய்த ஸ்டென்டார்.

கிளம்பியதில் ஒரு குறையும் இல்லை. 137-வது நொடியில் பக்கத்து பூஸ்டர்கள் இரண்டும் திட்டப்படி கழன்று விழுந்தன. 178-வது நொடியை ஒட்டி நடு இன்ஜின் தடுமாறத் தொடங்கியது. 187-வது நொடியில் உச்சிக் கவசம் பிரிந்தது. அதற்குள் ராக்கெட் பிடி நழுவிப் போயிருந்தது. 456-வது நொடியில், 69 கி.மீ. உயரத்தில் அது அழிக்கப்பட்டது. சிதறல்கள் அட்லாண்டிக் கடலில் விழுந்தன.

விமானியின் தவறோ, மென்பொருள் பிழையோ, வெடித்த பம்போ இதில் இல்லை. ராக்கெட் இன்ஜினில் அசையும் பாகம் ஒன்றுகூட இல்லாத, பார்வைக்குக் கவிழ்த்து வைத்த மணி போலிருக்கும், எரிந்த வாயு வெளியேறும் நாசில் உருக்குலைந்ததுதான் காரணம். அந்த உருக்குலைவின் முதல் அறிகுறி, யாரும் கவலைப்படத் தொடங்குவதற்கு வெகு முன்பே, 96-வது நொடியிலேயே தரவுகளில் பதிவாகியிருந்தது. ராக்கெட் விபத்துகளில் நான் திரும்பத் திரும்பப் படிப்பது இதைத்தான். தரையில் தேறிய ஒரு வடிவம் ஆகாயத்தில் ஏன் தோற்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் நிகழ்வு வேறு கிடைப்பது அரிது.

மணிக்குள் நடப்பது

எரியறையில் எரிபொருள் எரிந்து 3,000 டிகிரிக்கு மேல் சூடான வாயு, நூறு பாருக்கும் அதிகமான அழுத்தத்தில் அடைபட்டுக் கிடக்கிறது. (கடல் மட்டக் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ ஒரு பார்.) அது குறுகலான தொண்டை வழியே வெளியேறும்போது ஒலியின் வேகத்தை எட்டுகிறது. தொண்டையைத் தாண்டி நாசில் விரிய விரிய வாயுவின் வேகம் கூடும். அழுத்தமும் சூடும் குறையும். எனவே எவ்வளவு விரிகிறதோ அவ்வளவுக்கு அழுத்தம் வேகமாகவும், வேகம் தள்ளுவிசையாகவும் மாறும். வாய்ப் பரப்பைத் தொண்டைப் பரப்பால் வகுத்தால் வருவது விரிவு விகிதம்.

அப்படியானால் விரித்துக்கொண்டே போகலாமே என்று தோன்றும். வெற்றிடத்தில் மட்டும் இயங்கும் இன்ஜினுக்கு, எடை இடம் கொடுக்கும் வரை விரிக்கலாம். தரையில் பற்றவைத்து விண்வெளி வரை எரிய வேண்டிய இன்ஜினுக்கு அந்த வசதி கிடையாது. நாசிலுக்கு வெளியே ஒரு பார் காற்று சூழ்ந்திருக்கிறது. உள்ளே, வாயோரத்தில், வாயுவின் அழுத்தம் அதில் கால் பங்குக்கு இறங்கிவிட்டால் வெளிக்காற்று விளிம்பு வழியே உள்ளே முண்டியடிக்கும். சுவரை ஒட்டி வந்த வாயு ஓட்டம் சுவரை விட்டுப் பிரியும். சுவரழுத்தம் வெளியழுத்தத்தில் ஏறத்தாழ 40 சதவீதத்துக்குக் கீழே போனால் பிரிவு வரும் என்பது 1950-களிலிருந்து பழகி வந்த தோராயக் கணக்கு. வேகம் கூடிய ஓட்டங்கள் இதைவிடக் குறைந்த அழுத்தம் வரைகூடச் சுவரை விடாமல் தாக்குப்பிடிக்கும்.

பிரிவது வட்டமாக, எல்லாப் பக்கமும் ஒரே உயரத்தில் நடந்தால் பெரிய சேதம் இல்லை. ஆனால் அது அப்படி நடப்பதில்லை. ஒரு பக்கம் மேலே, மறு பக்கம் கீழே என்று பிரியும் கோடு அலைபாயும். அப்போது நாசிலைப் பக்கவாட்டில் உதைக்கும் விசையைத்தான் பொறியாளர்கள் ‘சைடு லோடு’ என்கிறார்கள். அமெரிக்க விண்வெளி ஓடத்தின் ஏவுதல் காணொளியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள்: இன்ஜின் பற்றிய முதல் சில நொடிகளில் அந்த உலோக மணிகளின் விளிம்பு துணி போல நெளிவது வெறும் கண்ணுக்கே தெரியும். அதன் விரிவு விகிதம் 77.5. கடல் மட்டத்தில் பற்றவைக்கும் இன்ஜினுக்கு அது மிகத் துணிச்சலான எண்.

அந்தத் துணிச்சலுக்கு விலையும் கொடுத்தார்கள். ஓடத்தின் நாசிலுக்கு ஹைட்ரஜன் கொண்டுபோகும் ஒரு குழாய், காளைக் கொம்பு போல இரு பக்கமும் வளைந்து இறங்கும். பெயரே ‘ஸ்டியர் ஹார்ன்’. 1979-ல் நடந்த சோதனைகளில் இந்தக் கொம்புக் குழாய் உடைந்தது. இன்ஜின் முழு வேகத்தில் ஓடும்போது அல்ல, அணைக்கும்போது. உள்ளழுத்தம் சரிந்துகொண்டே வரும் அந்த ஒன்றிரண்டு நொடிகளில் பிரியும் கோடு வாயிலிருந்து மேலேறி நாசிலை உலுக்கியெடுத்துவிடும். ஓர் இன்ஜினுக்கு ஆபத்தான கணங்கள் உச்ச சக்தியில்தான் இருக்கும் என்று நினைப்போம். நாசிலைப் பொறுத்தவரை தொடக்கமும் முடிவும்தான் கண்டம்.

இதில் வடிவத்துக்கு வேலை இருக்கிறது. பழைய நாசில்கள் நேர்கோட்டுக் கூம்புகள். அரைக்கோணம் 15 டிகிரி. 1958-ல், அமெரிக்காவில் ராக்கெட்டைன் நிறுவனத்தில் வேலை பார்த்த, இந்தியாவில் பிறந்த ஜி.வி.ஆர். ராவ், குறிப்பிட்ட நீளத்துக்குள் அதிகபட்சத் தள்ளுவிசை தரும் வளைகோட்டைக் கணக்கிட்டார். தொண்டைக்குப் பின் சட்டென்று விரிந்து, வாயை நெருங்கும்போது நிமிர்ந்துவிடும் மணி வடிவம் அது. கூம்பின் நீளத்தில் 80 சதவீதத்திலேயே அதே பலனைத் தரும். ராவின் வளைகோட்டை எளிமையாக்கிப் பரவளைவாக வரைவார்கள். அதில் வாயோரச் சுவரழுத்தம் கொஞ்சம் கூடுதலாக நிற்கும் என்பதால், கடல் மட்டத்தில் ஓட்டம் பிரிவது தள்ளிப்போகும். ஆனால் இந்த வடிவத்துக்குள்ளேயே ஓர் அதிர்வலை உருவாகும். பிரிந்த ஓட்டம் அந்த அலையால் வளைக்கப்பட்டுத் திரும்பவும் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு மீண்டும் விடும். ஒட்டி விடும் ஒவ்வொரு முறையும் ஓர் உதை. 1970-களில் ஜே-2எஸ் இன்ஜின் ஆய்வுகளில்தான் இந்த நடத்தை கண்டறியப்பட்டது. ஆக, விளிம்பைக் காப்பாற்றும் அதே வளைவு, பற்றவைக்கும் நேரத்தில் வேறொரு உதையைக் கொண்டுவருகிறது. நாசில் வடிவமைப்பில் ஒன்றைப் பெற இன்னொன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும்.

45-லிருந்து 60 வரை

பழைய ஆரியான் 5-ன் வல்கெய்ன் இன்ஜினுக்கு விரிவு விகிதம் 45. ஈசிஏ-வின் நடு இன்ஜினான வல்கெய்ன் 2-ல் அது 60 அளவுக்குப் போனது. வாயின் விட்டம் 1.76 மீட்டரிலிருந்து 2.1 மீட்டராக அகன்றது. தொண்டையோ ஒரு சாணுக்குச் சற்றே கூட. வெற்றிடத் தள்ளுவிசை சுமார் 20 சதவீதம் உயர்ந்து 1,350 கிலோநியூட்டனை ஒட்டி வந்தது. எரியறை அழுத்தமும் ஏறியது. ஹைட்ரஜனுக்கு ஆக்சிஜனின் விகிதமும் கூட்டப்பட்டதால், அதே தொட்டிகளில் கூடுதல் எடை உந்துபொருளை ஏற்ற முடிந்தது.

நாசிலின் சுவர் ஒரு தகடு அல்ல. சதுரக் குழாய்களைச் சுருள் சுருளாகச் சுற்றி, ஒன்றோடொன்று பற்றவைத்துச் செய்தது. சுவீடனின் ட்ரொல்ஹாட்டன் ஊரில் வோல்வோ ஏரோ நிறுவனம் செய்தது. விரிந்து குறுகும் நாசிலை நீராவி டர்பைனுக்காக முதலில் உருவாக்கிய குஸ்தாவ் டி லாவலும் சுவீடன்காரர்தான். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் திரவ ஹைட்ரஜன் மேலிருந்து நுழைந்து, சுவரின் சூட்டை வாங்கிக்கொண்டே கீழே ஓடி, விளிம்பில் வெளியே கொட்டிவிடும். திரும்ப எரியறைக்குப் போகாது. இதை ‘டம்ப்’ குளிரூட்டல் என்பார்கள். குழாய்ச் சுவரின் தடிமன் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரு பக்கம் உறைநிலைக்கு வெகு கீழே குளிர்ந்த ஹைட்ரஜன், மறு பக்கம் கொதிக்கும் வாயு. இரண்டையும் பிரித்து நிற்பது அந்த மெல்லிய உலோகம்தான்.

வல்கெய்ன் 2-ல் இன்னொரு மாற்றமும் செய்தார்கள். பம்புகளைச் சுழற்றிவிட்டு வெளியேறும் வாயுவை முன்பு தனிக்குழாய்களில் வெளியே விட்டார்கள். இப்போது அதை நாசிலின் கீழ்ப்பகுதிக்குள்ளேயே, சுவரை ஒட்டி ஒரு படலமாகப் பாய்ச்சினார்கள். ஒப்பீட்டில் குளிர்ந்த அந்தப் படலம் கீழ்ச் சுவருக்குப் போர்வையாக இருக்கும். அருமையான யோசனை என்றே இன்றும் சொல்வேன். ஆனால் வெப்பம், அழுத்தம், குளிரூட்டல் என்ற மூன்று கணக்குகளும் ஒரே நேரத்தில் மாறின என்பதைக் கவனிக்க வேண்டும். பழைய இன்ஜின் பறந்து பறந்து சேர்த்துவைத்த நம்பிக்கையைப் புதியது அப்படியே வாரிசாக எடுத்துக்கொள்ள முடியாது.

குழு கண்டுபிடித்தது

ஜெர்மன் விண்வெளி மையத்தைச் சேர்ந்த வொல்ஃப்காங் கோஷெல் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு, 2003 ஜனவரி முதல் வாரத்திலேயே முடிவைச் சொல்லிவிட்டது. கடலுக்குள் போன நாசிலை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. ராக்கெட் அனுப்பிய தரவுகளை நொடிக்கு நொடி பிரித்துப் படித்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

96-வது நொடியில் நாசில் குளிரூட்டும் சுற்றில் அழுத்தம் இறங்குகிறது. குழாய்களில் விரிசல் விழுந்து ஹைட்ரஜன் கசிகிறது என்பதன் அடையாளம் அது. கசியும் குழாயின் கீழ்ப்பகுதிக்குப் போய்ச் சேர வேண்டிய குளிர் குறையும். குளிர் குறைந்த இடம் சூடேறும். சூடேறிய உலோகம் விறைப்பை இழக்கும். மெல்லிய சுவர் கொண்ட பெரிய மணியில் ஓரிடம் தளர்ந்தால் அந்த இடம் பாரத்தை அடுத்த இடத்துக்குத் தள்ளும், அதுவும் தளரும். கடைசியில் மணி வடிவம் குலைந்து, வாயு ஒரு பக்கமாகச் சாய்ந்து வெளியேறியது. இன்ஜினைத் திருப்பி ராக்கெட்டை நேராக்க முடிந்த எல்லையை அந்தச் சாய்வு தாண்டியது.

அப்படியென்றால் 96-க்கும் 178-க்கும் இடையே 82 நொடிகள் ஏன் எல்லாம் சரியாகத் தெரிந்தன? கிளம்பும்போது ஆரியான் 5-ன் தள்ளுவிசையில் 90 சதவீதத்துக்கு மேல் இரண்டு திட எரிபொருள் பூஸ்டர்கள் தருவது. திசையைத் திருப்பும் வேலையிலும் அவற்றின் நாசில்களுக்கே பெரும்பங்கு. நடு இன்ஜினின் நோவு அந்தப் பெரும் விசைக்கு முன்னால் தெரியவே வழியில்லை. 137-வது நொடியில் பூஸ்டர்கள் போன பிறகு மொத்த பாரமும் காயம்பட்ட நாசிலின் மேல் இறங்கியது. அதற்குப் பிறகு 41 நொடி தாங்கியிருக்கிறது.

குழு இரண்டு காரணங்களைச் சேர்த்துச் சொன்னது. விரிசல்களால் நாசிலின் வெப்பநிலை கெட்டது ஒன்று. பறக்கும்போது நாசில் மேல் விழும் பாரங்கள் முழுமையாக வரையறுக்கப்படவில்லை என்பது இரண்டாவது. முதலாவது, விபத்து எப்படி நடந்தது என்பதைச் சொல்கிறது. ஏன் நடக்க முடிந்தது என்பதற்குப் பதில் இரண்டாவதில் இருக்கிறது. என்னைக் கேட்டால் அறிக்கையின் உயிர் இரண்டாவதில்தான்.

மேடையில் தெரியாதது

மலை உச்சியில் மூடிய காலி தண்ணீர் பாட்டில், அடிவாரம் வந்து சேரும்போது ஒடுங்கிப் போயிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாட்டிலுக்குள் எதுவும் மாறவில்லை; வெளியே காற்று அடர்ந்துவிட்டது. சுவர் உணர்வது உள்ளழுத்தத்தை அல்ல, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தை.

நாசிலும் அப்படித்தான். சோதனை மேடையில் பத்து நிமிடம் எரித்தாலும் வெளியே ஒரு பார் காற்று அசையாமல் நிற்கிறது. வாயோரத்தில் உள்ளழுத்தம் அதைவிடக் குறைவு என்பதால், சுவர் உள்நோக்கி அழுத்தப்படுகிறது. பறக்கும்போது இரண்டே நிமிடத்தில் வெளிக்காற்று ஏறத்தாழ இல்லாமல் போய்விடும். அழுத்தத்தின் திசையே புரண்டு, சுவர் வெளிநோக்கித் தள்ளப்படும். சதுரக் குழாய்களுக்குள் இருக்கும் ஹைட்ரஜனும் வெற்றிடத்துக்கு எதிராகத் தள்ளும். இத்தோடு, ஒலி வேகத்தை நெருங்கும் கட்டத்தில் ராக்கெட்டின் அடியில் சுழலும் காற்று நாசிலைக் குலுக்குவதும் உண்டு. வல்கெய்ன் 2 மேடையில் பலமுறை எரிந்து தேறியது. ஆனால் இந்தப் பாரங்கள் அப்போது அதன் மேல் விழவில்லை. வெற்றிட நிலைமையைத் தரையில் உருவாக்குவது எவ்வளவு கடினம் என்பதைக் குழுவே குறிப்பிட்டது.

மேடையில் எரித்தவர்கள் அலட்சியமாக இருந்தார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் செய்த சோதனை எல்லாம் உண்மையான சோதனைதான். நாசிலுக்கு மட்டும் அதன் உண்மையான பணியிடத்தில் சோதனை நடக்கவில்லை. அகலமான வாய் வைத்ததே உயரத்தில் பலன் பெறுவதற்காக. அந்த உயரத்தின் நிலைமைதான் கணக்கில் அரைகுறையாக இருந்தது.

விலையும் மீட்பும்

இரண்டு செயற்கைக்கோள்களோடு இழப்பு நிற்கவில்லை. 2003 ஜனவரியில் வேறு ரக ஆரியான் 5-ல் கிளம்ப ரொசெட்டா விண்கலம் கூருவில் தயாராக நின்றது. அதன் இலக்கு விர்ட்டானன் வால்நட்சத்திரம். இன்ஜின் பழைய ரகமே என்றாலும், சரிபார்க்காமல் பறக்கவிட யாரும் துணியவில்லை. காத்திருந்ததில் அந்த வால்நட்சத்திரத்தைப் பிடிக்கும் வாய்ப்பு கைநழுவியது. புதிய இலக்காக 67பி சுரியூமோவ்-கெராசிமென்கோ தேர்ந்தெடுக்கப்பட்டு, 2004 மார்ச் 2 அன்று ரொசெட்டா புறப்பட்டது. 2014 நவம்பரில் ரொசெட்டாவின் இறங்குகலமான ஃபிலே இறங்கிய அந்த வால்நட்சத்திரத்தின் பெயர் உலகத்துக்குத் தெரியவந்ததற்கு, மறைமுகமாக இந்த நாசிலும் ஒரு காரணம்.

விபத்துக்குப் பின் ஆரியான் 5 மீண்டும் பறந்தது 2003 ஏப்ரலில், பழைய வல்கெய்னோடு. அதில் போனது நம்முடைய இன்சாட் 3ஏ.

வல்கெய்ன் 2-ஐ மீட்க இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. நாசிலின் கட்டமைப்பைப் பலப்படுத்தினார்கள், குளிரூட்டலை மேம்படுத்தினார்கள். இவற்றைவிட எனக்குப் பிடித்தது அவர்கள் சோதனை முறையை மாற்றியதுதான். ஜெர்மனியின் லாம்பொல்ட்ஸ்ஹவுசன் மேடையில் நாசிலைச் சுற்றி உறை போன்ற ஓர் அமைப்பைப் பொருத்தி, வெளிப்பக்கத்துக் காற்றழுத்தத்தைக் குறைத்து இன்ஜினை எரித்தார்கள். உள்ளே எரியும் நெருப்பை மாற்றாமல் வெளியே இருக்கும் காற்றை மாற்றுவது. 2002-ல் விட்டுப்போன கேள்வியை அப்போதுதான் நாசிலிடம் நேருக்கு நேர் கேட்டார்கள்.

2005 பிப்ரவரி 12 அன்று ஈசிஏ மீண்டும் பறந்தது, வெற்றி. 2021 டிசம்பர் 25 அன்று ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியைத் தூக்கிச் சென்றதும் வல்கெய்ன் 2-தான். ஆரியான் 6-க்கான வல்கெய்ன் 2.1-ல் குழாய் சுற்றும் முறையையே கைவிட்டு, தகடுகளை லேசரால் இணைக்கும் நாசிலை ட்ரொல்ஹாட்டனிலேயே செய்தார்கள். ஏறத்தாழ ஆயிரம் பாகங்கள் நூறாகக் குறைந்தன. இணைப்பு குறையக் குறைய விரிசல் விழ வாய்ப்புள்ள இடங்களும் குறையும்.

மகேந்திரகிரியில் அதே கேள்வி

இதே சிக்கலின் மறுபக்கத்தைத் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் பார்க்கலாம். இஸ்ரோவின் சிஇ20 கிரையோஜெனிக் இன்ஜின், ராக்கெட்டின் மேல் அடுக்குக்கானது. அதன் விரிவு விகிதம் 100. வாயில் அழுத்தம் சுமார் 50 மில்லிபார், அதாவது கடல் மட்டக் காற்றில் இருபதில் ஒரு பங்கு. திறந்த வெளியில் அப்படியே பற்றவைத்தால் ஓட்டம் நாசிலுக்குள்ளேயே பிரிந்து, கடும் அதிர்வும், பிரியும் இடத்தில் அதிகச் சூடும் வந்து நாசில் சேதமாகலாம். அதனால் ஒவ்வொரு பறக்கும் இன்ஜினையும் வெற்றிடத்தை உண்டாக்கும் உயர்நிலைச் சோதனைக் கூடத்தில் எரித்துத் தேற்றிவந்தார்கள். செலவும் சிக்கலும் கூடிய வேலை அது.

2024 நவம்பர் 29 அன்று, நாசிலைக் காக்கும் தனி அமைப்பு ஒன்றைப் பொருத்தி, அதே 100 விகித நாசிலோடு சிஇ20-ஐக் கடல் மட்டக் காற்றிலேயே வெற்றிகரமாக எரித்தார்கள். ஐரோப்பியர்கள் தரையில் வெற்றிடத்தைக் கொண்டுவரப் போராடினார்கள். மகேந்திரகிரிக்காரர்கள் வெற்றிடத்துக்கென்றே பிறந்த நாசிலைக் காற்றில் உயிரோடு வைத்திருக்கப் போராடினார்கள். இரண்டு இடத்திலும் பொறியாளர் கையில் வைத்திருந்த எண் ஒன்றே: சுவருக்கு உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு.